ஹாலில் ஒரு மைக்

லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவர்களில் இரண்டு ரகம் உண்டு. ஒரு ரகம் வந்ததும் வராததுமாகக் கருவிப் பெட்டியைத் திறக்கும். இன்னொரு ரகம் முதலில் லிஃப்டுக்குள் ஏறி, உச்சி மாடிக்கு ஒரு தடவை, தரைக்கு ஒரு தடவை, வாயைத் திறக்காமல் போய்வரும். நம்மவர் இரண்டாவது ரகம். கூட ஏறியவர் பேச வாயெடுத்தால் விரலை உதட்டில் வைத்து "உஷ்" என்பார். அது கட்டடத்தின் முதலாளியாகவே இருந்தாலும் சரி. கீழே வந்து இறங்கியதும், "மேல எங்கயோ உரசுது" என்று சொல்லிவிட்டுப் படியேறுவார். பாதி நாள் அவர் சொன்னது பலிக்கும். பலிக்காத நாட்களைப் பற்றி அவர் யாரிடமும் பேசுவதில்லை.

அவர் தொழிலில் சத்தம் என்றாலே கோளாறு. நல்ல லிஃப்ட் ஓடுவது உள்ளே நிற்கிறவனுக்கே தெரியக் கூடாது. இளம் வயதிலிருந்து இதையே நினைத்து நினைத்து, வீட்டுக்கு வந்தாலும் அந்தப் புத்தி போகவில்லை. கதவு முனகினால் எண்ணெய்க் குப்பியோடு எழுந்துவிடுவார். குழாய் சொட்டினால் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுப் போவார். "கல்யாணம் ஆன புதுசுல என் வளையலையே கழட்டச் சொன்ன மனுஷன்" என்று அவர் மனைவி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். அவர் மறுக்க மாட்டார். கழற்றச் சொன்னது உண்மைதான். அவள் கழற்றவில்லை என்பதும் உண்மை.

குடியிருப்பது மூன்றாவது மாடியில். அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. இதைச் சொல்லி அவரைக் கேலி செய்யாதவர்கள் அந்தத் தெருவில் இல்லை. இரண்டு அறை, ஒரு ஹால், துணி காயப்போட மட்டும் இடமுள்ள ஒரு பால்கனி. ஹாலின் ஒரு மூலையில் அவருடைய அக்காவின் தையல் மெஷின். அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒரு துணிக்கடைக்கு அளவு திருத்தித் தைத்துக் கொடுக்கிறாள். அவளுக்குக் கை எவ்வளவு வேகமோ வாயும் அவ்வளவு. மனைவி ஆஸ்பத்திரி வார்டில் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் உதவியாளர். மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு பெயர் இருக்கிறது. வீட்டில் அவள் வாண்டு. நான்காம் வகுப்புப் படிக்கிற வாண்டு.

மனைவிக்கு நெடுநாளாக ஒரு ஆசை. முழு நர்ஸ் ஆக வேண்டும். கட்டிலைத் தள்ளுவதும் பாத்திரம் கழுவுவதுமாகவே காலம் போய்விடுமோ என்று அவளுக்கு ஒரு கவலை இருந்தது. வெளிநாட்டு முதியோர் இல்லம் ஒன்றில் ஆள் எடுத்தார்கள். அங்கே இரண்டு வருஷம் வேலை பார்க்க ஒப்புக்கொண்டால், அதற்குள்ளேயே அவர்களே படிக்கவைத்துப் பரீட்சைக்கு அனுப்புவார்கள். அவள் விண்ணப்பித்தாள், கிடைத்துவிட்டது. கிடைக்காது என்ற தைரியத்தில் "போட்டுப் பாரு" என்று சொல்லியிருந்த லிஃப்ட்காரர் ஆடிப்போய்விட்டார். ஆனாலும் போகாதே என்று அவர் சொல்லவில்லை. அந்த மட்டில் அவர் நல்ல மனுஷன்.

வாண்டிடம் எப்படிச் சொல்வது என்பதில்தான் மூன்று பெரியவர்களும் சேர்ந்து ஒரு மடத்தனம் செய்தார்கள். பயிற்சிக்குப் போகிறேன், பத்து நாளில் வந்துவிடுவேன் என்று அம்மாவே சொல்வது; பிறகு மெதுவாக, கொஞ்சம் கொஞ்சமாக, உண்மையைச் சொல்லிக்கொள்வது. சிரித்துக்கொண்டே கையசைத்து அனுப்பி வைத்தாள் குழந்தை. பத்து நாள் முடிந்தது. "அம்மா எப்ப வர்றாங்க?" என்று கேட்டாள். லிஃப்ட்காரர் செருப்பைத் தேடினார். கடைசியில் அக்காதான் தையலை நிறுத்திவிட்டு, ரெண்டு வருஷம் ஆகும் என்று சொன்னாள்.

வாண்டு அழவில்லை. அன்று அம்மாவின் போன் வந்தபோது எழுந்து போய்க் குளியலறைக் கதவைத் தாழ் போட்டுக்கொண்டாள். அதோடு சரி. அதற்குப் பிறகு அவள் அம்மாவோடு ஒரு வார்த்தை பேசவில்லை. கெஞ்சிப் பார்த்தார்கள், மிரட்டிப் பார்த்தார்கள், சைக்கிள் வாங்கித் தருவதாக ஆசை காட்டிப் பார்த்தார்கள். மற்றபடி அவள் வழக்கம்போலத்தான் இருந்தாள். அத்தையோடு வாய் ஓயாமல் பேசுவாள், சிரிப்பாள், சண்டை போடுவாள். போனைக் கிட்டே கொண்டுபோனால் மட்டும் வாயில் பூட்டு.

"அவளைக் கூப்பிடாதீங்க" என்றாள் மனைவி ஒருநாள். குரல் கம்மிப் போயிருந்தது. "போனை எங்கயாவது ஒரு மூலையில வச்சிட்டு உங்க பாட்டுக்கு இருங்க. அவ அத்தைகூடப் பேசறது காதுல விழுந்தாலே எனக்குப் போதும்."

அப்படியும் செய்து பார்த்தார். ஆனால் லிஃப்டில் ஆள் மாட்டிக்கொண்டால் முதலில் அடிப்பது இவர் போன்தான். வீட்டில் வைத்துவிட்டுப் போக முடியாது; இருக்கிற நேரத்திலும் பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் இணைப்பு அறுந்துபோகும். கம்பெனியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் ஒரு தம்பி இருந்தான். டீ குடிக்கும்போது அவனிடம் விஷயத்தைச் சொன்னார்.

"இதுக்கு எதுக்குண்ணா போன்? வீட்டுலயே ஒரு ஆடியோ சர்வர் போட்டுடுங்க. சின்ன ரேடியோ ஸ்டேஷன் மாதிரி. அண்ணி எப்ப வேணாலும் திறந்து கேப்பாங்க."

"எனக்கு அதெல்லாம் வருமா?"

"மொட்டை மாடித் தண்ணித் தொட்டி மாதிரிதான். மோட்டார் தண்ணியை ஏத்துது, தொட்டி வச்சிக்குது, குழாயைத் திறக்கறவங்களுக்கு வருது. மைக்குல வர்றதை ஏத்திவிட ஒரு புரோகிராம். அது மோட்டார். சர்வர்ங்கறது தொட்டி. அண்ணி போன்லதான் குழாய்."

ஒரு அலுவலகம் காலி செய்தபோது வேண்டாம் என்று போட்டுவிட்டுப் போன கம்ப்யூட்டர் ஒன்று அவரிடம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அதைத் தூசி தட்டி ஹால் மூலையில், தையல் மெஷினுக்குப் பக்கத்தில் வைத்தார். தம்பி சொன்ன இலவச சர்வர் புரோகிராமை இறக்கினார். அதற்கு அமைப்புக் கோப்பு என்று ஒன்று. திறந்தால் எறும்பு ஊர்கிற மாதிரி வரிவரியாக ஓடியது. அதில் தானாக வந்திருக்கிற பாஸ்வேர்டை மாற்று, அதே பாஸ்வேர்டை மைக் புரோகிராமிலும் கொடு என்பது தம்பியின் கட்டளை. இரண்டிலும் கொடுத்தார். "அனுமதி இல்லை" என்றது. திரும்பக் கொடுத்தார். "அனுமதி இல்லை." வார்த்தையின் கடைசியில் ஒரு இடத்தில் மட்டும் தெரியாத்தனமாக ஒரு இடைவெளி தட்டியிருக்கிறார். கண்ணுக்குத் தெரியாத அந்த இடைவெளி அரை நாளைத் தின்றுவிட்டது.

"ஸ்பேனரால ரெண்டு தட்டு தட்டேன்டா. உனக்குத் தெரிஞ்ச வைத்தியம் அதுதானே" என்றாள் அக்கா, நூல் கோத்துக்கொண்டே.

அடுத்தது ரவுட்டர். வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு அதில் ஒரு வாசல் எண்ணைத் திறந்துவிட வேண்டும். இவர் ஒரு எண்ணைத் திறந்துவிட்டு சர்வருக்கு வேறு எண்ணைக் கொடுத்திருந்தார். வீட்டுக்குள் கேட்டது, வெளியே கேட்கவில்லை. தம்பி போனில் சிரித்துச் சிரித்துத் திருத்தினான். இத்தனையும் நடக்கும்போது வாண்டு தோழி வீட்டில் விளையாடிக்கொண்டிருந்தாள். அவளிடம் சொல்ல வேண்டாம் என்பது மனைவியின் ஏற்பாடு.

அக்காவுக்கு அது பிடிக்கவில்லை. "ஏற்கனவே ஒரு பொய்யைச் சொல்லிட்டு முழிக்கிறோம். இப்ப குழந்தை பேசறதை ஒட்டுக் கேக்கறதா?"

"பெத்தவ கேக்கறாக்கா."

"பெத்தவளா இருந்தா ஒட்டுக் கேக்கறது ஒட்டுக் கேக்கறது இல்லன்னு ஆயிடுமா?" என்றவள், மெஷின் பக்கம் திரும்பி, "என்னவோ பண்ணு" என்றாள். தன் தம்பியின் மனைவி அழுதால் அவளுக்கும் தாங்காது.

முதல் நாள் கேட்டுவிட்டு மனைவி, "கேக்குதுங்க! ஆனா ஒரே இரைச்சலா இருக்கு" என்றாள். மலிவு மைக்கிலிருந்து வந்த ஒரு ரீங்காரத்தைத்தான் அவள் சொன்னாள். ஆனால் இரைச்சல் என்ற வார்த்தை லிஃப்ட்காரர் காதில் விழுந்துவிட்டதே! அதற்குப் பிறகு அவரைப் பிடிக்க முடியுமா? நல்ல மைக்காக ஒன்று வாங்கி வந்தார். இரைச்சலை வடிகட்டுகிற வசதி கம்ப்யூட்டரில் இருந்தது. அதைக் கடைசி வரை ஏற்றிவைத்தார். மின்விசிறிக்கு எண்ணெய் விட்டார். குழாய்க்கு வாஷர் மாற்றினார். சுவர்க் கடிகாரத்தைப் படுக்கையறைக்குக் கடத்தினார். தையல் மெஷின் கால்களுக்கு அடியில் கனமான ரப்பர் வைத்தார். எல்லாம் முடிந்து ஹாலில் நின்று காது கொடுத்துக் கேட்டபோது, தான் சர்வீஸ் செய்த லிஃப்டில் நிற்பதுபோல அவருக்குப் பெருமை பிடிபடவில்லை.

மனைவி மறுநாள் கூப்பிட்டாள். "என்னங்க, வீடு எங்க போச்சு?"

"ஏன், கேக்கலையா?"

"கிணத்துக்குள்ள காதை வச்ச மாதிரி இருக்கு. ஃபேன் இல்ல, குழாய் இல்ல, அண்ணி மெஷின் இல்ல. பிள்ளை சமையல்கட்டுல இருந்து என்னமோ சொல்றா, பாதி வார்த்தைதான் வருது. சிரிச்சா, சிரிப்பு நடுவுலயே அறுந்துபோச்சு. அது யார் வீடுங்க? இதுல அண்ணி வேற செய்தி வாசிக்கிற மாதிரி பேசறாங்க!"

கடைசிக் குற்றச்சாட்டு உண்மை. மைக் வந்ததிலிருந்து அக்கா "சாப்பிட வருகிறாயா?" என்ற ரீதியில்தான் பேசிக்கொண்டிருந்தாள். வாண்டுகூட ஒருநாள் அத்தைக்கு உடம்பு சரியில்லையா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

லிஃப்ட்காரர் முகத்தில் ஈ ஆடவில்லை. இத்தனை வருஷம் எதைக் கோளாறு என்று விரட்டினாரோ, அதைத்தான் அவள் அங்கே விடியற்காலையில் எழுந்து உட்கார்ந்து தேடிக்கொண்டிருந்தாள். அவருக்கு வெட்கமாக இருந்தது. வடிகட்டியை அணைத்தார். கடிகாரத்தைத் திரும்ப ஹாலில் மாட்டினார். மெஷினுக்கு அடியிலிருந்து ரப்பரை உருவினார்.

"கதவைக் கிறீச்சிட வைக்க எண்ணெய் ஏதும் இருக்காடா?" என்று அக்கா கேட்டாள், தன் பழைய குரலில்.

அதன் பிறகு கொஞ்ச காலம் நன்றாகவே ஓடியது. இங்கே வாண்டு பள்ளிக்கூடம் விட்டு வரும் நேரம் அங்கே விடியும். மனைவி குளிக்கும்போதும் பஸ்ஸில் போகும்போதும் காதில் வீட்டை மாட்டிக்கொண்டிருப்பாள். வேலை தொடங்கும்போது கழற்றுவாள். குரலில் தெம்பு வந்துவிட்டது. படிப்பையும் தொடங்கியிருந்தாள். தினமும் அவருக்கு ஒரு செய்தி வரும்: பிள்ளை இருமுகிறாள், பாருங்கள். பிள்ளை கணக்குப் பாடம் போடாமல் டபாய்க்கிறாள், கேளுங்கள்.

அந்தக் கேளுங்களில்தான் காரியம் கெட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இவர் வெள்ளந்தியாக, "பை வார் அறுந்துபோச்சாமே, கொண்டா தைச்சுத் தரச் சொல்றேன்" என்றார்.

வாண்டு நிமிர்ந்து பார்த்தாள். "யார் சொன்னா?"

"அத்தைதான்…"

"நான் சொல்லல" என்றாள் அக்கா. அவள் சொல்லத்தான் இல்லை. அதோடு இன்னொரு பொய்க்குத் துணை போகவும் அவள் தயாராக இல்லை.

குழந்தையின் கண் ஹாலைச் சுற்றி வந்தது. அவள் வீட்டில் இருக்கும்போதெல்லாம் ஓடிக்கொண்டே இருக்கும் கம்ப்யூட்டர். அதன் பக்கத்தில் யாரும் பேசாத ஒரு மைக். இப்படி ஒரு பொருளை எத்தனை நாளைக்கு ஒளித்துவைக்க முடியும்? அவள் எழுந்து போய்த் திரையைப் பார்த்தாள். சர்வர் தன் நிலவரத்தைக் காட்டுகிற பக்கத்தைச் சற்று முன்புதான் அவர் திறந்து வைத்திருந்தார். அதில் இப்போது எத்தனை பேர் கேட்கிறார்கள் என்பதற்கு எதிரே ஒரு எண்.

"இந்த ஒண்ணு யாரு?"

லிஃப்ட்காரர் எழுந்து வந்து அவள் பக்கத்தில் நின்றார். ரிப்பேர் பார்க்க ஒரு ஆள் என்று சொல்லலாமா என்றுகூட ஒரு யோசனை ஓடியது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல அவரால் முடியவில்லை.

"அம்மா" என்றார்.

வாண்டு விடுவிடுவென்று பால்கனிக்குப் போய்விட்டாள்.

அன்றிலிருந்து ஹாலில் அவள் வாயே திறக்கவில்லை. அத்தையிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்க் காதில் சொல்வாள். பள்ளிக்கூடத்திலிருந்து வந்தால் பையைச் சத்தமில்லாமல் வைப்பாள். சுவர்க் கடிகாரமும் தையல் மெஷினும் மட்டும் அங்கே போய்ச் சேர்ந்தன. மனைவி இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு மூன்றாம் நாள் உடைந்துபோனாள்.

"நான் வந்துடறேங்க. பரீட்சையும் வேணாம், ஒண்ணும் வேணாம். மேனேஜர்கிட்ட சொல்லிடறேன்."

"கொஞ்சம் பொறு."

"எதுக்குப் பொறுக்கணும்? போன்ல பேசமாட்டேன்னா. இப்ப குரலையும் எடுத்துக்கிட்டா. நான் இங்க யார் யாருக்கோ முதுகு தேச்சுவிட்டுக்கிட்டு இருக்கேன், எம் பிள்ளைக்கு என் மூஞ்சியே வேணாமாம்."

அவள் வந்தால் வீடு நிறையும், உண்மை. ஆனால் வாழ்நாள் முழுக்க, கைக்கு எட்டியதை விட்டுவிட்டு வந்தேன் என்ற நினைப்பு அவளோடு ஹாலில் உட்கார்ந்திருக்கும். அதுவும் உண்மை. மாசக் கடைசி வரை பொறுக்கச் சொல்லி ஒப்புக்கொள்ள வைத்தார்.

மறுநாள் வாண்டிடம் போய், "உனக்குப் பிடிக்கலைன்னா மைக்கை எடுத்துடறேன்மா. நீ சொல்றதுதான்" என்றார்.

அவள் வீட்டுப்பாடத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. "இருக்கட்டும்" என்றாள்.

இருக்கட்டும் என்றால் என்ன அர்த்தம் என்று அவர் அன்று முழுக்க லிஃப்டில் மேலும் கீழும் போய்க்கொண்டே யோசித்தார். பிடிபடவில்லை.

சில நாள் கழித்து ஒரு வேலை நின்றுபோய், அவர் வெயில் தாழுமுன்பே வீட்டுக்கு வந்தார். அக்கா கடைக்குப் போயிருந்தாள். சாவியைப் போடப் போனவர் கையை அப்படியே நிறுத்தினார். உள்ளே வாண்டின் குரல்.

"…கணக்கு டீச்சர் இன்னிக்கும் வரல. அவங்களுக்குப் பாப்பா பிறக்கப் போகுது. எனக்குப் பக்கத்துல இப்ப புதுசா ஒருத்தி உக்கார்றா, ஒரே நகம் கடிக்கிறா. பை வார் அத்தை தைச்சுட்டாங்க. ஆனா வேற கலர் நூலு…"

ஜன்னல் கதவு ஒருக்களித்திருந்தது. எட்டிப் பார்த்தார். கம்ப்யூட்டருக்கு முன்னால் நாற்காலியில் காலை மடக்கி உட்கார்ந்துகொண்டு, மைக்கைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தாள். திரையில் அந்தப் பக்கம் திறந்திருந்தது. எண்ணும் தெரிந்தது. பூஜ்யம்.

அவர் ஓசைப்படாமல் இறங்கிப் படியில் உட்கார்ந்துகொண்டார். பேசுவதற்கு அவளிடம் எவ்வளவோ இருக்கிறது. யாரும் கேட்கவில்லை என்று தெரிந்தால்தான் பேசுவாள். இப்படி ஒரு வைராக்கியம் ஒரு குழந்தைக்கு எங்கிருந்து வந்தது? அவருக்கு அழுகை வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. மனைவியின் செய்தி.

"பிள்ளை பேசறா. நேத்தே பேசினா. உங்ககிட்ட சொன்னா அவகிட்டப் போய் ஏதாவது கேட்டுக் கெடுத்துடுவீங்கன்னு சொல்லல. இன்னிக்கு என்னால மனசுல வச்சுக்க முடியல. வீட்டுக்குச் சீக்கிரம் போயிடாதீங்க."

லிஃப்ட்காரர் செய்தியை இரண்டு தடவை படித்தார். அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அப்படியானால் அந்தப் பூஜ்யம்?

மறுநாள் தம்பியைப் பிடித்தார். அவன் டீயை ஊதிக்கொண்டே சொன்னான். "அந்தப் பக்கம் தானா மாறாதுண்ணா. நீங்க திறந்தப்ப என்ன இருந்துச்சோ, அதுதான் நிக்கும். மேல ஓரத்துல வளைஞ்ச மாதிரி ஒரு அம்புக்குறி இருக்குல்ல? அதை அமுக்கினா புது எண் வரும்."

அவர் தினமும் காலையில், வாண்டு பள்ளிக்கூடம் போன பிறகு, கம்ப்யூட்டரை ஒருமுறை அணைத்து மறுபடி போட்டு, அந்தப் பக்கத்தையும் திறந்து வைத்துவிட்டு வேலைக்குக் கிளம்புவார். அந்த நேரம் அங்கே அவள் தூங்கிக்கொண்டிருப்பாள். காலையில் வந்த பூஜ்யம் சாயங்காலம் வரை அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. பாவம், அதை நம்பித்தான் குழந்தை மனசைக் கொட்டுகிறது என்று நினைத்துக்கொண்டார்.

மதியம், அங்கே நடுராத்திரி என்றும் பாராமல், மனைவியை எழுப்பிப் பேசினார். அவள் பிடிவாதமாக நின்றாள்.

"சொல்லாதீங்க. உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன். சொன்னா திரும்ப வாயை மூடிக்குவா."

"ஒரு தடவை பொய் சொல்லிட்டு இத்தனை நாளா படறோம்."

"இதுல நான் என்னங்க பொய் சொன்னேன்? அந்தக் கம்ப்யூட்டர்தானே…"

"நாளைக்கே அவளா கண்டுபிடிச்சா?" என்றார் அவர். "அப்புறம் நம்ம மூணு பேரையுமே நம்பமாட்டா."

"இதுக்கப்புறமும் அவ பேசாமப் போயிட்டா, நான் அடுத்த விமானத்துல வந்துடுவேன். அப்புறம் என்னைக் குறை சொல்லக் கூடாது" என்றாள். பிறகு, "உங்க இஷ்டம்" என்றாள். அந்த இரண்டு வார்த்தையைச் சொல்ல அவள் என்ன பாடுபட்டிருப்பாள் என்பது அவருக்குத் தெரியும்.

அன்று சாயங்காலம் பாதி வேலையில் அனுமதி கேட்டுக்கொண்டு வந்துவிட்டார். இந்தத் தடவை வேண்டுமென்றே சத்தம் போட்டுச் சாவியைப் போட்டார். மைக்கோடு பேசிக்கொண்டிருந்த வாண்டு சட்டென்று நிறுத்தினாள். அக்கா மெஷினைவிட்டு எழுந்து சமையல்கட்டுக்குள் போய், அங்கிருந்து காதை மட்டும் வெளியே வைத்துக்கொண்டாள். மைக்கை அணைத்துவிட்டுப் பேசலாமா என்று அவருக்கு ஒரு நிமிஷம் தோன்றியது. வேண்டாம் என்று விட்டுவிட்டார். இதையும் அவள் கேட்கட்டும். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு மகளுக்கு எதிரே உட்கார்ந்தார். பெரிய கட்டடத்தில் கயிறு மாற்றும் நாளில்கூட அவர் கை இப்படி வியர்த்ததில்லை.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். கோவப்படு, பரவாயில்ல. ஆனா நான் சொல்லித்தான் உனக்குத் தெரியணும்." திரையைக் காட்டினார். "இந்தப் பூஜ்யம் நிஜம் இல்லம்மா. இது காலைல வந்தது. தானா மாறாது. மேல இருக்கு பாரு, இந்த அம்புக்குறி, இதை அமுக்கினாத்தான்…"

"தெரியும்ப்பா" என்றாள் வாண்டு.

"என்ன தெரியும்?"

"அமுக்கினாத்தான் மாறும்னு. ஸ்கூல்ல கம்ப்யூட்டர் கிளாஸ்லயே சொல்லிக் கொடுத்துட்டாங்க."

லிஃப்ட்காரர் திரையை நோக்கி நீட்டிய விரலை மடக்கிக்கொண்டார்.

"அப்ப… அம்மா கேக்கறாங்கன்னு…"

"அதை அமுக்கினா ஒண்ணுன்னு வந்துடும்." அவள் குனிந்து தன் முழங்கால் காயத்தின் பொருக்கைத் தொட்டுக்கொண்டாள். "வந்துட்டா எனக்குப் பேச வராது. அழுகை வந்துடும். அதான் நான் அதை அமுக்கறதே இல்ல. நீயும் அமுக்கிடாதப்பா."

சமையல்கட்டில் ஏதோ ஒரு பாத்திரம் கீழே விழுந்தது. லிஃப்ட்காரர் மகளின் தலையில் கை வைத்தார். அமுக்க மாட்டேன் என்று தலையை ஆட்டினார்.

இங்கே பேசுவது அங்கே போய்ச் சேரக் கொஞ்ச நேரம் பிடிக்கும். போய்ச் சேர்ந்துவிட்டது என்பது அவர் சட்டைப் பையில் தெரிந்தது. போன் விடாமல் அடித்தது. எடுத்துப் பார்த்தார். மனைவி. மகளிடம் நீட்டுவதா, எழுந்து வெளியே போய்ப் பேசுவதா என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு விழித்தார்.

வாண்டு போனைப் பார்த்தாள். நீட்டிய கையைத் தள்ளிவிட்டு, நாற்காலியில் முட்டி போட்டு எழுந்து, மைக்குக்கு வெகு அருகில் வாயைக் கொண்டுபோனாள்.

"அம்மா, போனை வை" என்றாள். "நான் பேசிக்கிட்டு இருக்கேன்ல."